ஹெர்ன்ஸும் க்ராஃபோர்டும் மோதினால்? நடக்காத சண்டையைக் கணிப்பது எப்படி

நடக்கவே முடியாத குத்துச்சண்டைக்கு முடிவு சொல்வதில் ஒரு வசதி, தப்பாகச் சொன்னாலும் யாரும் வந்து சட்டையைப் பிடிக்க மாட்டார்கள். அதனால்தான் பலர் பெயரைக் கேட்டதுமே "அவன்தான் ஜெயிப்பான்" என்று அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் 2023-ல் நிஜமாக நடந்த க்ராஃபோர்ட்–எரோல் ஸ்பென்ஸ் சண்டைக்கே ஸ்பென்ஸ் ஜெயிப்பார் என்று பிரியாணி பந்தயம் கட்டித் தோற்றவன். இப்போதெல்லாம் கொஞ்சம் முறையாகச் செய்கிறேன். உதாரணத்துக்கு 147 பவுண்டு, அதாவது வெல்டர்வெயிட் எடைப்பிரிவில் வெவ்வேறு காலத்து அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர்கள் இரண்டு பேர்: 1980-களின் டாமி ஹெர்ன்ஸ், நம் காலத்து டெரன்ஸ் க்ராஃபோர்ட்.

முதலில் தேதி குறிக்க வேண்டும். "உச்சத்தில் இருந்த ஹெர்ன்ஸ்" என்றால் எந்த இரவு? நான் எடுத்துக்கொள்வது 1980 ஆகஸ்ட் 2. டெட்ராய்ட்டில் சாம்பியன் பிப்பினோ குவேவாஸை இரண்டாவது ரவுண்டிலேயே சாய்த்து டபிள்யூ.பி.ஏ. (உலகக் குத்துச்சண்டைச் சங்கம்) பட்டம் வாங்கினார், வயது 21. க்ராஃபோர்டுக்கு 2023 ஜூலை 29, ஸ்பென்ஸை மூன்று முறை கீழே தள்ளி 9-வது ரவுண்டில் முடித்த இரவு, வயது 35. ஹெர்ன்ஸ் பிற்பாடு மேல் எடைகளில் மார்வின் ஹேக்லர், ஐரான் பார்க்லி என்ற வீரர்களிடம் வாங்கிய அடியை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அடுத்தது விதி. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பாதி முடிவு இதில்தான் இருக்கிறது. ஹெர்ன்ஸ் காலத்தில் பட்டப் போட்டி 15 ரவுண்டு, எடை பார்ப்பது சண்டை நாளன்றே. இன்றைக்கு 12 ரவுண்டு, எடை முந்தின நாளே பார்த்துவிடுவார்கள், ராத்திரி முழுக்க சாப்பிட்டுத் தண்ணீர் குடித்து உடம்பை ஏற்றிக்கொள்ளலாம். 1981 செப்டம்பர் 16, லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸில் சுகர் ரே லெனார்டுடன் ஹெர்ன்ஸுக்கு நடந்த சண்டையைப் பாருங்கள். 13 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் தாளிலும் ஹெர்ன்ஸ்தான் முன்னால்: 124-122, 125-122, 125-121. பதினாலாவதில் நிறுத்தப்பட்டுத் தோற்றார். அதே சண்டை 12 ரவுண்டாக இருந்திருந்தால் கை தூக்கியிருப்பவர் அவர். அதனால் விதியை முடிவு செய்யாமல் வாதத்தை ஆரம்பிக்காதீர்கள், வீண் சண்டைதான் மிச்சம்.

அப்புறம் வீடியோ. நாக்கவுட் தொகுப்புகளை மூடி வையுங்கள், அதில் எல்லோரும் சிங்கம்தான். ஒருவர் திணறிய முழுச் சண்டையை, வர்ணனைச் சத்தத்தை நிறுத்திவிட்டு, கையில் பேப்பர் வைத்து ரவுண்டுக்கு 10-9 (ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9) போட்டுக்கொண்டே பாருங்கள். லெனார்ட் சண்டையின் 6, 7-வது ரவுண்டுகளில் இடது ஹூக் (வளைத்து அடிக்கும் குத்து) விழுந்ததும் ஹெர்ன்ஸின் கால்கள் தளர்கின்றன, ஆனால் உடனே நகர்ந்து ஆட ஆரம்பித்து அடுத்த ரவுண்டுகளை ஜாபாலேயே (முன் கையால் விடும் நேர் குத்து) அள்ளிவிடுகிறார். க்ராஃபோர்டுக்கு, 2014-ல் யுரியோர்கிஸ் காம்போவாவுடன் நடந்த சண்டை: முதல் சில ரவுண்டு கை ஓங்கவில்லை, இடதுகை ஆட்டத்துக்கு மாறிய பிறகுதான் ஆட்டமே அவருடையது. மெதுவாகத் தொடங்குவது அவர் பழக்கம்.

"இவன் அவனை ஜெயித்தான், அவன் இவனை ஜெயித்தான்" கணக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பார்க்லி ஹெர்ன்ஸை ஜெயித்தார், ராபர்டோ டுரான் பார்க்லியை ஜெயித்தார், அந்த டுரானை ஹெர்ன்ஸ் இரண்டே ரவுண்டில் சுருட்டியிருக்கிறார். சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான்.

அதற்குப் பதிலாக, எதிராளி மாதிரியான ஒருவரைத் தேடுங்கள். ஹெர்ன்ஸ் 6 அடி 1 அங்குலம், கை நீளம் 78 அங்குலம். க்ராஃபோர்ட் 5 அடி 8, கை நீளம் 74. க்ராஃபோர்ட் சந்தித்த உயரமானவர்களில் நல்ல ஜாப் உள்ளவர் விக்டர் போஸ்டோல். 2016-ல் க்ராஃபோர்ட் முதல் சில ரவுண்டு தூரத்தை அளந்துவிட்டு ஐந்தாவதில் அவரை இரண்டு முறை கீழே தள்ளினார். ஆனால் போஸ்டோலிடம் ஹெர்ன்ஸின் அந்த வலது கைக் குத்து கிடையாது! க்ராஃபோர்ட் இடதுகைக்காரராக நிற்கும்போது எதிராளியின் நேர் வலதுக்குத்தான் வழி திறக்கும், ஹெர்ன்ஸிடம் இருப்பதோ இந்த எடையிலேயே பயங்கரமான நேர் வலது. இடது கையைத் தாழத் தொங்கவிட்டுச் சுண்டுகிற ஜாப் வேறு, கீழிருந்து வருவதால் தட்டிவிடுவது கஷ்டம்.

மறுபக்கம், அந்தத் தொங்கும் கைதான் க்ராஃபோர்டின் வாசல். ஏழாவது ரவுண்டில் ஸ்பென்ஸ் உள்ளே வரும்போதே ஒரு குட்டை வலதைப் போட்டாரே, அதைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். ஜாப் திரும்பி வரும் நேரத்தை அவர் படித்துவிட்டால் ஹெர்ன்ஸின் தாடை வெறுமையாக நிற்கும். படிக்க எத்தனை ரவுண்டு ஆகும் என்பதுதான் கேள்வி.

இதையெல்லாம் பார்த்தபின் ஒரே வரியில் "ஹெர்ன்ஸ்" என்று எழுதாதீர்கள், பத்துக்கு எத்தனை தடவை, எப்படி என்று எழுதுங்கள். என் கணக்கு: இன்றைய விதியில் 12 ரவுண்டு என்றால் ஹெர்ன்ஸ் பத்துக்கு ஆறு, பெரும்பாலும் புள்ளிகளில், கடைசி மூன்று ரவுண்டு தட்டுத்தடுமாறி. முந்தின நாள் எடை என்பதால் அந்த உயரத்துக்கு அவர் ரிங்கில் இன்னும் கனமாக நிற்பார். 15 ரவுண்டு, அதே நாள் எடை என்றால் க்ராஃபோர்ட் பத்துக்கு ஆறு, 13-வதிலோ 14-வதிலோ, முதலில் விலாவில் ஒன்று, அப்புறம் தாடையில்.