"இன்னும் சரியாக வரவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்களுக்கு

ஒரு சிறுகதையின் முதல் வரியை மட்டும் ஏழு வாரம் எழுதிக்கொண்டிருந்தேன். "கதவு மெல்லத் திறந்தது" என்று ஆரம்பித்தது. மறுநாள் 'மெல்ல' பழசாகத் தெரிந்தது, 'மெதுவாக' என்று மாற்றினேன். அது சப்பென்று இருக்கிறதே என்று 'ஓசையில்லாமல்' போட்டேன், அப்புறம் கதவையே எடுத்துவிட்டு 'தாழ்ப்பாள் நகர்ந்தது' என்று எழுதினேன், சுற்றிச் சுற்றி மறுபடி 'கதவு மெல்லத் திறந்தது' என்பதிலேயே வந்து நின்றேன். ஏழாவது வாரம் ஒரு தோழியிடம் காட்டினேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "சரி, உள்ளே வரது யாரு?" எனக்குத் தெரியவில்லை. அதை யோசிக்கவே இல்லை.

அந்த ஏழு வாரமும் தரத்துக்காக உழைக்கிறேன் என்றுதான் மனதார நம்பினேன். நேர்த்திக்காக உழைப்பதும், ஒரு குறைகூட இருந்துவிடக் கூடாது என்று பயந்து உழைப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் தூக்கம் கெடும், இரண்டிலும் அடித்தல் திருத்தல் இருக்கும். உள்ளே ஓடும் கேள்விதான் வேறு. முதலாவதில் "இந்த வேலைக்கு இன்னும் என்ன தேவை?" என்று கேட்டுக்கொள்கிறோம். இரண்டாவதில் "இதைப் பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" என்று கேட்டுக்கொள்கிறோம். நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது கேள்வியிலிருந்துதான் முளைக்கின்றன.

முதல் தவறு, பர்ஃபெக்‌ஷனிசம் என்பதை, அதாவது ஒரு குறைகூட இருக்கக் கூடாது என்ற இந்தப் பிடிவாதத்தை, உயர்ந்த தரத்துக்கு இன்னொரு பெயர் என்று நினைப்பது. அதைக் கைவிட்டால் ஏனோதானோவென்று செய்பவர்களாகிவிடுவோம் என்ற பயத்திலேயே பலர் அதை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக உளவியலாளர் பாட்ரிக் கோட்ரோவும் அவருடன் சேர்ந்தவர்களும், மிக நல்ல தரத்தை எட்ட முயல்பவர்களையும் குறையே இல்லாத நிலையை எட்ட முயல்பவர்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2022-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் புதிய யோசனைகள் எத்தனை வருகின்றன, அவை எவ்வளவு புதுமையாக இருக்கின்றன என்று சோதித்தபோது, முன்னிலையில் இருந்தவர்கள் நல்ல தரத்தைத் தேடியவர்களே. இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஒரு யோசனை பிறக்கும்போதே அதை எடைபோட்டுப் பார்த்தால், கொஞ்சம் கோணலாக வருவதெல்லாம் வாசலிலேயே திரும்பிப் போய்விடும். புதியது எதுவுமே முதலில் கோணலாகத்தான் வரும்.

அடுத்தது, எழுதும்போதே திருத்துவது. எழுத்தில் மட்டும் நடப்பதல்ல இது. முகம் வரையப் பழகுபவர்கள் பலர் கண்ணில்தான் ஆரம்பிப்பார்கள். இமை முடி ஒவ்வொன்றாக, கருவிழிக்குள் ஒளிப்புள்ளி, அடி இமையில் மெல்லிய நிழல் என்று இரண்டு மணி நேரம் போகும். பிறகு மூக்கை வைக்கும்போதுதான் கண் விரல் அகலம் மேலே போய்விட்டது என்று தெரியும். அவ்வளவு அழகான கண்ணை அழிக்க யாருக்கு மனசு வரும்? கண்ணைக் காப்பாற்ற மூக்கை நீட்டுவார்கள், மூக்குக்காகத் தாடையை இழுப்பார்கள், கடைசியில் முகமே வேறு யாருடையதோ ஆகிவிடும். அனுபவம் உள்ளவர்கள் முதலில் மங்கலான கோடுகளால் முழுத்தலையின் அமைப்பையும் போட்டுக்கொள்வது இதனால்தான். மங்கலான கோட்டை அழிக்க வலிக்காது. என் கதையில் கதவு அந்தக் கண்ணைப் போலத்தான் இருந்தது. பின்னால் முழுக்கதையையும் ஒரே மூச்சில் கரடுமுரடாக எழுதியபோது, வீட்டை விட்டுப் போன அண்ணன் ஏற்கெனவே திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தான். கதவுக்கு வேலையே இல்லை.

எது நடந்தால் வேலை முடிந்தது என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல் இறங்குவதுதான் எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. 'நன்றாக வர வேண்டும்' என்பதைச் சரிபார்க்க வழியே இல்லை, அதனால் அதற்கு முடிவும் இல்லை. இப்போதெல்லாம் ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு வரி எழுதி ஒட்டி வைத்துக்கொள்கிறேன். அண்ணன் ஏன் திரும்பி வந்தான் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே படிப்பவருக்குப் புரிய வேண்டும், இப்படி. இதை ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, புரிந்ததா இல்லையா என்று கேட்டுவிடலாம். புரியவில்லை என்றால் எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் தெரியும். புரிந்துவிட்டது என்றால் இருபத்தெட்டாவது வரியில் ஒரு அடைமொழி உறுத்துகிறதே என்பதற்காக இன்னொரு மாதம் பிடித்து வைக்கத் தேவையில்லை.

இதைக் கேட்டுவிட்டு, நிறையத் திருத்துவதே நோய் என்று முடிவு கட்டுவதும் தவறு. ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் தன் முதல் சிம்பொனியை மேடையேற்றியது 1876-இல், அதற்கான முதல் முயற்சிகளுக்குப் பிறகு சுமார் இருபது ஆண்டுகள் கழித்து. தந்திவாத்திய நால்வருக்கான இசையிலும் 1873-இல் முதலாவதை வெளியிடும் முன் இருபது வரை கிழித்துப்போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இந்தக் கதையைச் சொல்லித் தங்கள் தாமதத்துக்கு நியாயம் தேடுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அதே ஆண்டுகளில் அவர் பியானோ இசை, பாடல்கள், பெரிய கோரஸ் படைப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டுக்கொண்டேதான் இருந்தார். சிம்பொனி காத்திருந்தது, அவர் காத்திருக்கவில்லை. எத்தனை முறை திருத்தினீர்கள் என்ற எண்ணிக்கை எதையும் சொல்லாது. கடைசித் திருத்தம் வேலையை முன்னே நகர்த்தியதா, அல்லது மூன்று திருத்தங்களுக்கு முன்பிருந்த இடத்துக்கே கொண்டுவந்து விட்டதா என்று பாருங்கள்.

மற்றவர்களின் முடிந்த வேலையை நம்முடைய முதல் வரைவோடு ஒப்பிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் செய்கிறோம். 'முடித்தால் போதும், தரமெல்லாம் அப்புறம்' என்று எதிர்ப்பக்கம் குதிப்பதும் எனக்கு ஏற்புடையதில்லை. சோம்பலுக்குப் பெயர் விடுதலை ஆகிவிடாது.

கடைசியாக, யாரிடமும் காட்டாமல் வைத்திருப்பது. உளவியலாளர்கள் ஹெவிட்டும் ஃப்ளெட்டும் 1991-லேயே பர்ஃபெக்‌ஷனிசத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: நம்மிடம் நாமே எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நாமாக நினைத்துக்கொள்வது. 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்கள் 41,641 பேரின் பதில்களை ஆய்வாளர்கள் கரனும் ஹில்லும் தொகுத்துப் பார்த்தபோது மூன்றும் ஏறியிருந்தன, அதில் மிக அதிகமாக ஏறியிருந்தது மூன்றாவது. அந்த 'பிறர்' பெரும்பாலும் முகமே இல்லாதவர்கள், அதனால் அவர்களைத் திருப்திப்படுத்தவும் முடியாது. அவர்களுக்குப் பதிலாக நிஜமான நாலு பேரிடம் காட்டுங்கள், முக்கால்வாசி முடிந்தபோதே. "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள், நீங்களும் நம்ப மாட்டீர்கள். "எந்த இடத்தில் உங்கள் கவனம் விலகியது?" என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே வேலை பாக்கி இருக்கிறது, உட்கார்ந்து செய்யுங்கள். நாலு பேரும் நாலு இடத்தைக் காட்டினால் பெரும்பாலும் அது அவரவர் ரசனை. அனுப்பிவிடுங்கள்.