போட்டோ எடிட்டிங்: ஹார்ட் டிஸ்க்கில் எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது?

முட்டம் கடற்கரையில் ஒரு மாலை, மறுநாள் கன்னியாகுமரியில் சூரிய உதயம். ரா ஃபைலாக (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைக்கும் பெரிய ஃபைல்) எடுத்துத் தள்ளினால் லேப்டாப் சீக்கிரமே நிரம்பிவிடும். அப்புறம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்தான் கதி.

சரி, அதற்காக எல்லாவற்றையும் அதில் கொட்டிவிடாதீர்கள். லைட்ரூம் கிளாசிக் என்ற போட்டோ எடிட்டிங் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் படங்களை மட்டும் வெளியே வைத்துவிட்டு, கேட்டலாக் ஃபைலை (படங்களின் பட்டியலும் நீங்கள் செய்த திருத்தங்களும் இருக்கும் ஃபைல்) லேப்டாப்பின் எஸ்எஸ்டியிலேயே (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) விடுங்கள். மென்பொருள் ஓயாமல் படித்து எழுதுவது கேட்டலாக்கைத்தான். அது சுழலும் டிஸ்க்கில் இருந்தால், ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். படங்களை ஏற்றும்போதே 'ஸ்மார்ட் பிரிவியூ' (அசல் இல்லாதபோதும் திருத்த உதவும் சிறிய நகல்) உருவாக்கச் சொல்லுங்கள். டிஸ்க்கை வீட்டில் வைத்துவிட்டு, நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போகும்போதும் நிறம், வெளிச்சம் திருத்தலாம். திரும்பி வந்து டிஸ்க்கைச் செருகினால் அந்தத் திருத்தங்கள் அசல் படத்துக்கும் வந்துவிடும்.

போர்ட்டையும் கவனியுங்கள். யூஎஸ்பி 2.0-ல் நொடிக்கு 30–40 எம்பிதான் நகரும். அதே டிஸ்க் 3.0-ல் பெரும்பாலும் 100-ஐத் தாண்டும்.

விண்டோஸ், மேக் இரண்டிலும் செருகுவதானால் டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் (exFAT) வடிவத்தில் ஃபார்மேட் செய்யுங்கள்; இரண்டுமே அதில் படிக்கும், எழுதும்.

குளச்சல் போன்ற கரையோர ஊர்க்காரர்களுக்கு உப்புக் காற்று தனித் தலைவலி. யூஎஸ்பி முனையில் களிம்பு ஏறிவிடும். இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு போட்டு வையுங்கள். இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வேறு வீட்டில் கொடுத்து வைப்பதும் நல்லது. என்னுடையது மார்த்தாண்டத்தில், அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது.