ஸ்லோ குக்கரில் முழுக்கோழி: ஒரு கோழியில் மூன்று வேளைச் சாப்பாடு

கனடாவில் இறைச்சிச் செலவைக் குறைக்க நினைக்கும் சிறு குடும்பங்களுக்கும், படிக்க வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் நான் முதலில் சொல்வது, எலும்பு நீக்கிய நெஞ்சிறைச்சியை விட்டுவிட்டு முழுக்கோழியை வாங்குங்கள் என்பதுதான். வெட்டுவதற்கும் எலும்பெடுப்பதற்கும் ஆகும் கூலி விலையில் சேர்வதால், நெஞ்சிறைச்சியின் கிலோ விலை முழுக்கோழியின் கிலோ விலையைவிடப் பெரும்பாலும் கூடவே இருக்கும். ஒன்ராறியோவில் பெரும்பாலான கடைகளின் வாராந்தச் சலுகைகள் வியாழக்கிழமை மாறுகின்றன. முழுக்கோழி மலிவாக வரும் வாரத்தில் இரண்டு வாங்கி ஒன்றை உறையவைப்பது நல்ல பழக்கம். ஆனால் எலும்பையும் கழுத்தையும் கொழுப்பையும் குப்பையில் போட்டுவிட்டால் மிச்சம்பிடித்ததில் பாதி அங்கேயே போய்விடும். ஆகவே, இறைச்சியை வேகவைப்பதோடு நிற்காமல், அடுத்த நாள் இரசம்வரை கொண்டுபோகும் முறையாகவே இதை எழுதுகிறேன்.

ஸ்லோ குக்கர், அதாவது மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்பானை, மின்சாரத்தை மிகவும் மிச்சப்படுத்தும் என்று பலர் நம்புகிறார்கள். பெரிய பானை ஒன்று ஏறக்குறைய 200 முதல் 300 வாட்வரைதான் எடுக்கும் என்பது உண்மை. ஆனாலும் ஏழு மணி நேரம் ஓடும்போது அது ஒன்றரை, இரண்டு யூனிட்டாகிவிடுவதால், ஓவனில் சுடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் வருவதில்லை. உண்மையான இலாபம் வேறு இடத்தில் இருக்கிறது. அடுப்படியில் நிற்கத் தேவையில்லை; தொடையிலும் கால்களிலும் உள்ள இணைப்புத் திசு மெல்லிய சூட்டில் நெடுநேரம் இருந்து இளகிக் குழம்பைக் கெட்டியாக்குகிறது; வேலைக்குப் போய்வரும் ஒருவர் களைத்த நேரத்தில் வெளியே சாப்பாடு வாங்கும் தேவையும் குறைகிறது.

ஆறு குவார்ட், அதாவது ஐந்தரை லீற்றருக்குச் சற்றுக் கூடக் கொள்ளும் நீள்வட்டப் பானைக்கு 1.6 முதல் 2 கிலோவரையான கோழி பொருந்தும். மூடி எங்கும் தூக்கி நிற்காமல் விளிம்பில் முழுதாகப் படிய வேண்டும். படியாவிட்டால் கோழியை நெடுக்காக இரண்டாகப் பிளந்து வையுங்கள். உறைந்த கோழியை நேராகப் பானையில் வைக்கவே கூடாது. நான்கு பாகைக்கும் அறுபது பாகை செல்சியசுக்கும் இடையில் கிருமிகள் விரைந்து பெருகும்; மெதுவாகச் சூடேறும் பானையில், நடுவில் பனிக்கட்டியாக இருக்கும் இறைச்சி அந்த வரம்புக்குள் பல மணி நேரம் கிடந்துவிடும். இரண்டு கிலோக் கோழி குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இளகுவதற்கு முழுதாக ஒரு நாள் வேண்டும். அவசரமென்றால், நீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரை மணிக்கொரு முறை நீரை மாற்றினால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் இளகிவிடும்.

எங்கள் வீடுகளில் மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் கழுவாமல் கோழியைச் சமைக்க மனம் வராது. ஆனால் இங்கே கடையில் வாங்கும் கோழி ஏற்கெனவே துப்புரவாக்கப்பட்டது. கழுவும்போது தெறிக்கும் நீர்தான் கிருமிகளைத் தொட்டியிலும் பக்கத்திலிருக்கும் கோப்பைகளிலும் பரப்புகிறது. அதனால்தான் சுகாதாரத் துறையினர் கழுவ வேண்டாம் என்கிறார்கள். காகிதத் துண்டால் உள்ளும் புறமும் ஒற்றித் துடைத்தால் போதும். ஈரம் போன தோலில் தூளும் நன்றாகப் பிடிக்கும். வயிற்றுக்குள் சிறு பை இருக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள். அதில் கழுத்தும் இதயமும் கற்குடலும் ஈரலும் இருக்கலாம். ஈரலைத் தனியாக வறுத்துச் சாப்பிடுங்கள், ஏனென்றால் அது சாறைக் கசக்கவைக்கும்; மற்றவற்றைச் சாறுக்கு எடுத்து வையுங்கள். வயிற்றுத் திறப்பின் அருகே திரண்டிருக்கும் மஞ்சள் கொழுப்பையும் வெட்டியெடுத்து ஒரு கிண்ணத்தில் சேருங்கள்.

மூடிய பானைக்குள் நீர் வற்றாது, எதுவும் பொரியாது. அதனால் பச்சைத் தூளைப் போட்டால் கடைசிவரை பச்சை வாசனையே நிற்கும். யாழ்ப்பாணக் கறித்தூள் வறுத்து அரைத்தது என்பதால் இந்தச் சமையலுக்கு மிகவும் ஏற்றது. ஒன்றரை மேசைக்கரண்டி கறித்தூள், ஒரு மேசைக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி மிளகுதூள், ஒரு தேக்கரண்டி சீரகத்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள், ஆறு பல் உள்ளி, பெருவிரல் அளவு இஞ்சி, அரைத் தேசிக்காயின் புளி ஆகியவற்றை ஒரு கரண்டி எண்ணெயில் குழைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுப் பகுதியில் தோலுக்கும் தசைக்கும் நடுவே விரல்களை மெல்ல நுழைத்தால் தோல் பை போலக் கழன்று கொடுக்கும். குழையலில் பாதியை அந்த இடைவெளிக்குள் தள்ளித் தசைமேல் தேய்த்துவிட்டு, மீதியை வயிற்றுக்குள்ளும் வெளியிலும் பூசுங்கள். தோலின்மேல் மட்டும் பூசினால் மசாலா உருகும் கொழுப்போடு வழிந்து அடியில் போய்ச் சேர்ந்துவிடும். முதல் நாள் இரவே பூசி வைக்கலாம், ஆனால் வேறு பாத்திரத்தில் வையுங்கள். குளிர்ந்த பீங்கான் பானையைச் சூட்டில் வைத்தால் அது வெடிக்கக்கூடும். சூடேறவும் நேரம் பிடிக்கும்.

பானையின் அடியில் இரண்டு பெரிய வெங்காயத்தைத் தடித்த வளையங்களாக வெட்டிப் பரப்புங்கள். உருளைக்கிழங்கும் கரட்டும் இறைச்சியைவிட மெதுவாக வேகும், ஆகவே அவற்றின் இடமும் அடிதான். மேலே அலுமினியத் தாளை நான்காக மடித்த பட்டை ஒன்றைக் குறுக்கே போட்டு, இரு முனைகளும் கோழியின் பக்கங்களில் மேலெழுந்து நிற்கவிட்டால், வெந்து நெகிழ்ந்த கோழியைப் பிய்யாமல் தூக்க அது உதவும். கோழியை நெஞ்சு கீழாக வையுங்கள். முதுகிலும் தொடையிலும் உருகும் கொழுப்பு நெஞ்சிறைச்சியை நனைத்தபடி இறங்கும். தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம். கோழியே ஒரு கப்புக்குக் குறையாமல் சாறு விடும், ஊற்றிய தண்ணீர் அந்தச் சாறைச் சப்பென்று ஆக்கிவிடும்.

முதல் ஒரு மணி நேரம் ஹை நிலையிலும், பிறகு ஐந்து, ஆறு மணி நேரம் லோ நிலையிலும் வேகவிடுவது நான் விரும்பும் முறை. வீட்டில் இருப்பவர்கள் முழுக்க ஹை நிலையில் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்கலாம். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் தொடக்கத்திலிருந்தே லோ நிலையில் விடலாம், ஆனால் எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் நெஞ்சிறைச்சி நாராக உலர்ந்துபோகும். பானை தானாகப் பின்னர் தொடங்கும்படி நேரம் குறித்து வைக்காதீர்கள்; அதுவரை பச்சை இறைச்சி அறைச் சூட்டில் கிடக்கும். மூடியைத் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் சமையல் இருபது நிமிடமாவது பின்தள்ளிப்போகும்.

வெந்ததா என்பதை நிறம் பார்த்து முடிவுசெய்ய முடியாது. இறைச்சி வெப்பமானியைத் தொடையின் தடித்த இடத்தில், முனை எலும்பில் படாமல் செருகுங்கள். முழுக்கோழிக்குக் கனடாச் சுகாதாரத் திணைக்களம் சொல்லும் அளவு 82 பாகை செல்சியஸ். நெஞ்சின் தடித்த இடத்தையும் பார்த்துவிட்டு, தட்டில் எடுத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். தோல் வெளிறி நெகிழ்ந்திருக்கும். முறுகல் வேண்டுமென்றால் நெஞ்சு மேலாகத் தட்டில் கிடத்தி, ஓவனின் புரோயில் சூட்டில், அதாவது மேலிருந்து வரும் கடுஞ்சூட்டில், நான்கைந்து நிமிடம் விட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள், ஏனென்றால் மசாலா பூசிய தோல் சட்டென்று கருகும்.

முதல் வேளைக்குக் கால்களும் தொடைகளும் அடியில் கிடந்த கிழங்கும் சோற்றுக்கோ பிட்டுக்கோ போதும். நெஞ்சிறைச்சி சூடாக இருக்கும்போதே உதிர்த்து எடுத்துவைத்தால், மறுநாள் கொத்து ரொட்டிக்கோ பாணுக்குள் வைப்பதற்கோ ஆகும். பானையில் நிற்கும் சாறை வடித்துக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் குளிரவிட்டால், காலையில் மேலே மஞ்சள் கொழுப்புப் படை உறைந்திருக்கும், கீழே கலங்கிய கூழ்மம் ஆடும். அந்தக் கொழுப்பைக் கரண்டியால் எடுத்து, முன்பு சேர்த்த கொழுப்பையும் சிறு தீயில் உருக்கிக் கலந்துவைத்தால் தாளிப்பதற்கு எண்ணெய் வேண்டியதில்லை. கூழ்மத்தைக் குழம்பில் கரைத்துவிடுங்கள்.

எலும்பு, தோல், கழுத்து, கற்குடல், வெங்காயத் தலைகள், கரட் நுனிகள், பத்து மிளகு எல்லாவற்றையும் அதே பானையில் போட்டு, அவை மூடும்வரை வெந்நீர் ஊற்றி, இரவு ஒன்பது மணிக்கு லோ நிலையில் வைத்துவிட்டுப் படுங்கள். நேரத்துக்கேற்பக் கட்டணம் மாறும் திட்டத்தில் உள்ள ஒன்ராறியோ வீடுகளுக்கு வார நாட்களில் இரவு ஏழிலிருந்து காலை ஏழுவரை மின்கட்டணம் குறைவு. சாறு வேகும் நேரம் முழுதும் அதற்குள் அடங்கிவிடும். காலையில் வடித்தெடுத்த சாறில் மல்லி, மிளகு, சீரகம், உள்ளி தட்டிப்போட்டு, புளி கரைத்து ஊற்றினால் இரசம். பருப்பு வேகவைக்கவும் கஞ்சி காய்ச்சவும் இதுவே தண்ணீருக்குப் பதில் போதும்.

இறைச்சியையும் சாறையும் சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று, நான்கு நாட்கள் இருக்கும். அதற்குமேல் வேண்டிய சாறை, விரிவதற்கு மேலே ஓர் அங்குலம் விட்டு உறையவைத்தால் இரண்டு மூன்று மாதம் கெடாது. மீண்டும் சூடாக்கும்போது அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுங்கள்; ஸ்லோ குக்கர் அந்த வேலைக்கு ஆகாது.