கிராஸ் கன்ட்ரி தடத்தைப் போட்டிக்கு முன் நடந்து பார்ப்பது எப்படி?

புல்வெளி, மேடு, சேறு என இயற்கையான நிலத்தில் ஓடும் கிராஸ் கன்ட்ரி போட்டியின் தூரத்தை மட்டும் தெரிந்துகொண்டு ஓட வருபவருக்கு, அந்தத் தடத்தைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். லண்டன் ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தில் உள்ள பார்லிமென்ட் ஹில்லை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் தேசிய கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப் பலமுறை நடந்துள்ள அந்த இடத்தில், ஓட்டம் தொடங்குவதே மேட்டின் அடிவாரத்தில்தான். அகன்ற புல்வெளியில் இருந்து புறப்படும் பெருங்கூட்டம், மேலே போகப் போகக் குறுகிவரும் வழியில் நெருக்கியடித்துக்கொண்டு ஏற வேண்டும்; அதன்பின் குளிர்காலச் சேறு காத்திருக்கும். இத்தகைய தடத்தில் எங்கே சக்தியைச் செலவிடுவது, எங்கே சேமிப்பது என்பதை முந்தைய நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

முடிந்தால் போட்டிக்கு முந்தைய நாள், உங்கள் ஓட்டம் தொடங்கும் அதே நேரத்தில் அங்கே இருங்கள். வெயில் எந்தப் பக்கம் கண்ணில் அடிக்கிறது, காற்று எந்த நேர்வழியில் எதிர்த்து வீசுகிறது என்பது அப்போதுதான் புலப்படும். முதல் சுற்றை நடந்தே முடியுங்கள். ஓடினால் கண் தரையில் மட்டுமே இருக்கும்; சுற்றிலும் பார்க்க முடியாது.

கூட்டம் பெரிதாக உள்ள போட்டிகளில், ஓட்டக்காரர்களை நெருக்கும் குறுகலான இடம் முதல் 300 மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்பது உலகத் தடகள அமைப்பின் விதி. அதைத் தாண்டியதும் வரலாம் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் அணிக்கு ஒதுக்கிய தொடக்கக் கட்டத்தில் நின்று, முதல் திருப்பம் வரை நேர்க்கோட்டில் நடந்து பாருங்கள். ஓரக் கட்டம் கிடைத்தவர் திருப்பத்தின் உட்பக்கத்துக்கு எப்போது நகர வேண்டும் என்பதை அங்கேயே தீர்மானித்தால், மறுநாள் முழங்கை இடிகளுக்கு நடுவே யோசிக்க வேண்டியிருக்காது.

ஏற்றத்தைப் பார்ப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கீழிருந்து உச்சி என்று தெரிவது பெரும்பாலும் உச்சியாக இருப்பதில்லை. அங்கே போனதும் இன்னொரு சிறு மேடு தலைகாட்டும். எனவே ஒரே ஒரு முறை, போட்டி வேகத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, மேட்டைத் தாண்டியும் முப்பது நாற்பது மீட்டர் ஓடுங்கள். 2019இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் நடந்த உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப்பில், மோஸ்கார்ட் அருங்காட்சியகத்தின் புல் மூடிய சரிவான கூரையே தடத்தின் ஒரு பகுதியாக இருந்தது. சுற்றுக்குச் சுற்று அதில் ஏறி இறங்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் ஏறும் வேகத்தைவிட, உச்சியைத் தொட்டதும் எவ்வளவு விரைவாகப் பழைய ஓட்ட வேகத்துக்குத் திரும்புகிறோம் என்பதே அதிக இடங்களைப் பெற்றுத் தரும் என்பது என் கருத்து. இறக்கத்தின் முடிவில் திருப்பம் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தரையைக் காலால் சோதியுங்கள். குதிகாலை அழுத்தி எடுத்ததும் அந்தக் குழியில் நீர் ஊறி நிரம்பினால், நூறு பேர் ஓடியபின் அந்த இடம் சேறாகத்தான் இருக்கும். உங்களுக்கு முன்னால் எத்தனை பிரிவுகள் ஓடுகின்றன என்று அட்டவணையைப் பாருங்கள். நாளின் கடைசிப் போட்டியில் ஓடுபவர், முந்தைய நாள் தாம் கண்ட காய்ந்த ஓரத்தை நம்பக் கூடாது. காய்ந்த புல்லுக்கு 9 மி.மீ. ஸ்பைக் (ஷூவின் அடியில் மாட்டும் கூர்முனை) போதும், ஆழமான சேற்றுக்கு 12 அல்லது 15 மி.மீ. வேண்டும். இரண்டையும், அவற்றைக் கழற்றி மாட்டும் சாவியையும் பையில் வைத்திருங்கள். சேறு ஷூவையே காலிலிருந்து உருவிவிடும் என்பதால் லேஸை இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்குங்கள்.

கடைசி 400 மீட்டரைத் தனியாக, இருமுறை நடந்து பாருங்கள். 2017இல் கம்பாலாவில் நடந்த அதே உலக சாம்பியன்ஷிப்பில், சொந்த மக்கள் முன்னிலையில் முன்னணியில் ஓடிய உகாண்டாவின் ஜோஷுவா செப்டேகி கடைசிச் சுற்றில் தளர்ந்து 30ஆம் இடத்துக்குப் போனார். இரண்டு ஆண்டுகளில் ஆர்ஹூஸில் அவரே வென்றார். 2023இல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்டில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், முன்னிலையில் வந்த எத்தியோப்பியாவின் லெட்டசென்பெட் கிடே முடிவுக் கோடு கண்ணெதிரே இருக்கும்போது நிலைகுலைந்து விழ, கென்யாவின் பியாட்ரிஸ் செபெட் வென்றார். உலகின் தலைசிறந்தவர்களையே சாய்க்கும் அந்தப் பகுதியில், கடைசி வேகத்தை எந்த மரத்தருகே, எந்தக் கொடியருகே தொடங்குவது என்று அடையாளம் வைத்துக்கொள்வது மிகவும் அவசியம்.

இரண்டாவது சுற்றை மெதுவாக ஓடி, அத்துடன் நிறுத்துங்கள். ஆர்வத்தில் மூன்றாவது சுற்றுக்குப் போனால் மறுநாள் கால் கனக்கும். இரவில் தடத்தை ஒரு தாளில் நினைவிலிருந்து வரைந்து, பயிற்சியாளரிடம் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லிக் காட்டுங்கள். எந்த இடத்தில் கை தயங்குகிறதோ, மறுநாள் வார்ம்-அப்பின்போது அந்த இடத்துக்கு மட்டும் ஒருமுறை போய்வாருங்கள்.