கேமிலும் கணினித் துறையிலும் பெண்கள்: விவாதம் நடத்துவது எப்படி

தலைப்பில்தான் பாதி விவாதம் கெட்டுப்போகிறது. "கணினித் துறைக்குப் பெண்கள் பொருத்தமானவர்களா?" என்று வைத்தால், மேடையில் நிற்கும் பிள்ளை தன் தகுதியை நிரூபிக்கத்தான் வந்தவள் ஆகிவிடுவாள். பெண்களுக்குத் தொல்லையும் பாகுபாடும் நடந்ததா இல்லையா என்று கேட்காமல், ஏன் நடக்கிறது, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். "கேம்களில் குரல் உரையாடலுக்கு அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட வேண்டும்" என்பது நல்ல தலைப்பு. மறைந்திருந்து தூசணம் பேசுபவனைப் பிடிக்கலாம் என்பார்கள் முன்மொழிவோர். கல்லடி, கல்முனை போன்ற கிழக்கிலங்கை ஊர்களில் பெயர் தெரிந்தால் வீட்டைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் போதும், ஆபத்து பெண்ணுக்குத்தான் என்பார்கள் எதிரணியினர். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று அணி பிரிக்காதீர்கள். சீட்டுக் குலுக்கிக் கலந்து பிரியுங்கள். அணிக்கு 3 பேர், ஆளுக்கு 5 நிமிடம், முடிவில் 3 நிமிடத் தொகுப்புரை.

அனுபவங்களை இரண்டு வாரத்துக்கு முன்பே சேகரிக்க வேண்டும். அரைத்தாளில், பெயரில்லாமல், நான்கு கேள்விகள்: எங்கே நடந்தது, என்ன சொன்னார்கள், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்ன செய்தார்கள், அதற்குப் பிறகு நீங்கள் எதைச் செய்வதை நிறுத்தினீர்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். சின்ன ஊர்களில் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதனால் பொறுப்பாசிரியை ஒருவர் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, ஊர், வகுப்பு, கேமில் வைத்திருக்கும் பெயர் ஆகியவற்றை நீக்கி, இரு அணிக்கும் ஒரே பிரதியைக் கொடுக்கட்டும். 15 தாள் வந்தால் அதை விழுக்காடாக்கிப் பேச விடாதீர்கள். அந்தத் தாள்கள் இப்படியும் நடக்கிறது என்று காட்டும், எத்தனை பேருக்கு என்று காட்டமாட்டா.

"பொடியன்களுக்கும்தானே ஏச்சு விழுகிறது?" என்ற கேள்வி கட்டாயம் வரும். ஆம், விழுகிறது. ஆனால் எப்போது விழுகிறது என்று பார்க்கப் பழக்குங்கள். பொடியனுக்குப் பிழையாக விளையாடிய பிறகு விழும். பெண்ணுக்கோ பெரும்பாலும் மைக்கைத் திறந்து குரல் கேட்டதுமே, ஆட்டம் தொடங்க முன்பே விழும். அதனால் அவள் மைக்கை மூடுகிறாள். நால்வர் சேர்ந்து ஆடும் பிரீ ஃபயரில் எதிரி எங்கே என்று சொல்ல முடியாதவள் தோற்கிறாள். பிறகு, "பெண்களுக்கு விளையாடத் தெரியாது" என்கிறார்கள். இந்தச் சங்கிலியை ஒரு பேச்சாளர் படிப்படியாக விளக்கினால் அதுவே வலுவான வாதம்.

"இயல்பிலேயே ஆர்வமில்லை" என்பவர்களுக்கு வரலாறு பதில் சொல்லும். 1946இல் அறிமுகமான எனியாக் என்ற ஆரம்பகால மின்னணுக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். கேம் தயாரிக்கும் ரயட் கேம்ஸ் நிறுவனம் 2021இல் பாலினப் பாகுபாட்டு வழக்கொன்றை முடித்துக்கொள்ள 10 கோடி அமெரிக்க டொலர் தர உடன்பட்டதையும் சொல்லலாம். அது சமரசம்தான், "குற்றம் நிரூபிக்கப்பட்டது" என்று சொன்னால் எதிரணி அந்த இடத்திலேயே பிடித்துவிடும்.

எங்கள் மேடைகளில் செந்தமிழ் முழக்கத்துக்குப் புள்ளி அள்ளிக் கொடுப்பது வழக்கம். இங்கே வாதத்துக்கு 40, எதிர்வாதத்துக்கு 30, ஆதாரத்துக்கு 20, மொழிக்கு 10 போதும். தோற்றத்தைப் பற்றியோ கலியாணத்தைப் பற்றியோ பகிடி விட்டால் 5 புள்ளி குறையும் என்று தொடக்கத்திலேயே அறிவியுங்கள். சபை சிரித்துவிட்டால் பிறகு திருத்த முடியாது. மூன்று நடுவர்களில் ஒருவராவது கணினித் துறையில் வேலை செய்யும் பெண்ணாக இருக்கட்டும்.

சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 4 மணிக்குள் முடியுங்கள். பொழுதுபட்டால் ஏறாவூர், களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் பாதியில் எழும்ப வேண்டிவரும். சபையில் யாரும் வீடியோ எடுக்கக்கூடாது. வெட்டிய 30 விநாடித் துண்டு வட்ஸ்அப்பில் போனால், பேசிய பிள்ளைக்கு அடுத்த நாளே தொல்லை தொடங்கும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938ஐ வாசலில் எழுதி வையுங்கள். கூட்டம் கலைந்ததும் அனுபவத் தாள்களை எண்ணிச் சரிபார்த்து, எரித்துவிடுங்கள்.