ரோலர்கோஸ்டர் டைகூன்: முதல் பூங்காவை நட்டமில்லாமல் நடத்துவது எப்படி?

கேளிக்கைப் பூங்காவைக் கட்டி நடத்தும் இந்தக் கணினி விளையாட்டைத் திறந்த முதல் நாள், கையிலிருந்த பணம் முழுவதையும் கொட்டி ஒரே ஒரு ராட்சத ரோலர் கோஸ்டரைக் கட்டினேன். ஒருவர்கூட ஏறவில்லை. வாசல்வரை வந்தவர்கள் எல்லோரும் 'இது நமக்குத் தாங்காது' என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். கழிப்பறை கட்டக்கூடக் காசு மிஞ்சவில்லை.

1999இல் வெளிவந்த இந்த ஆட்டத்தின் நிரலை, பெரும்பாலும் அசெம்பிளி மொழியிலேயே (கணினியின் வன்பொருளுக்கு மிக நெருக்கமான நிரல் மொழி), கிறிஸ் சாயர் எழுதினார். அதில் உலவும் ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனிப் பசி, தனித் தாகம், தனிப் பணப்பை உண்டு. யாரையாவது சொடுக்கினால் அவர் மனத்தில் ஓடுவதைப் படிக்கலாம். கீழே உள்ள படிகள் எல்லாவற்றிலும் இதுதான் உங்கள் கருவி.

படி 1: இலக்கைப் படியுங்கள்

முதல் களமான ஃபாரஸ்ட் ஃப்ரான்டியர்ஸில் கேட்பது மிகக் குறைவு: முதல் ஆண்டு அக்டோபர் முடிவில் பூங்காவில் 250 பேர், பூங்காவின் தர மதிப்பீடு 600. ஆட்டத்தின் ஆண்டு மார்ச்சில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது, அதாவது எட்டே மாதங்கள். இதற்கு வானளாவிய கோஸ்டர் எதுவும் தேவையில்லை.

படி 2: பாதை போடுங்கள்

பாதையை ஒரு கட்டம் அகலத்துக்கு மட்டும் போடுங்கள். அழகுக்காக நான் நான்கு கட்ட அகலத்தில் ஒரு வீதி அமைத்தேன். வந்தவர்கள் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வழி தெரியாமல் கோபித்துக்கொண்டார்கள். அகலமான பாதையில் இந்த ஆட்டத்தின் மனிதர்களுக்குத் திசை பிடிபடாது. முட்டுச்சந்துகளையும் தவிர்த்துவிடுங்கள்.

படி 3: சிறிய சவாரிகளில் தொடங்குங்கள்

குடைராட்டினம் போன்ற மிதமான சவாரிகள் மூன்று நான்கு போதும். ஒரே வகையை இரண்டு முறை கட்டாதீர்கள். அதற்குக் கொடுக்க மக்கள் தயாராக இருக்கும் தொகை குறைந்துவிடும். சவாரி பழையதாக ஆக ஆக அந்தத் தொகை இறங்கும். ஆட்டத் தொடக்கத்தில் இருக்கும் கடனை அடைக்கும் அவசரமும் வேண்டாம். வட்டியைவிட ஒரு நல்ல சவாரி அதிகம் சம்பாதித்துத் தரும்.

டிக்கெட் விலையை எப்படி முடிவு செய்வது? பார்வையாளர்கள் 'கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது' என்று நினைத்தால் நீங்கள் மலிவாக விற்கிறீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். 'இவ்வளவு கொடுக்க மாட்டேன்' என்ற எண்ணம் தென்படத் தொடங்கியதும் ஒரு படி இறங்குங்கள். முதல் ஆட்டத்தில் நுழைவுக்கும் சவாரிக்கும் சேர்த்தே வசூலிக்கலாம். 2002இல் வந்த இரண்டாம் ஆட்டத்தில் இரண்டில் ஒன்றுதான்.

படி 4: கடைகள், கழிப்பறை

சாப்பாடு, குடிநீர், கழிப்பறை மூன்றையும் கூட்டம் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். தகவல் மையம் ஒன்றும் அவசியம், ஏனென்றால் குடை விற்பது அங்கேதான். மழை பெய்யும்போது குடையின் விலையைத் தாராளமாக ஏற்றலாம். நனைகிறவர்கள் பேரம் பேசுவதில்லை. கொஞ்சம் அற்பத்தனம்தான், ஆனால் தொடக்க மாதங்களில் கைகொடுக்கும்.

படி 5: இப்போது கோஸ்டர்

கட்டி முடித்ததும் சோதனை ஓட்டம் விடுங்கள். பரபரப்பு, தீவிரம், குமட்டல் என்று மூன்று எண்கள் வரும். முதலாவது உயர வேண்டும். தீவிரம் 10ஐத் தாண்டினால் பெரும்பாலானவர்கள் ஏற மாட்டார்கள். 5க்கும் 8க்கும் இடையில் இருந்தால் நல்லது. என் முதல் கோஸ்டர் தோற்றது இந்த எண்ணில்தான். வேகமான வளைவுகளில் தண்டவாளத்தைச் சாய்த்துப் போட்டால் பக்கவாட்டு விசை குறையும், அதோடு தீவிரமும் இறங்கும். பக்கத்தில் மரங்களை நடுங்கள், வேறு பாதைகளுக்கு மேலே ஓடவிடுங்கள், பரபரப்பு ஏறும்.

குமட்டல் எண் பெரிதாக இருந்தால், வெளியேறும் வழியில் இருக்கைகளைப் போட்டு, பக்கத்திலேயே ஒரு துப்புரவாளரையும் நிறுத்துங்கள். காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

படி 6: ஆட்கள்

துப்புரவாளருக்கு மாதச் சம்பளம் 50 பவுண்டு, மெக்கானிக்குக்கு 80. துப்புரவாளரின் வேலைப் பட்டியலில் புல் வெட்டுவதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பாதை நாறிக்கொண்டிருக்க, அவர் மூலையில் புல்லோடு மல்லுக்கட்டுவார். ஒவ்வொருவருக்கும் தனி எல்லை வகுத்துக் கொடுங்கள். சவாரிகளின் பரிசோதனை இடைவெளியைப் பத்து நிமிடமாக வையுங்கள். நிலையத்தில் பிரேக் பழுதானால், வேகமாக உள்ளே வரும் ரயில் அங்கே நிற்கும் ரயிலில் மோதிவிடும். அதனால் நிலையத்தை நெருங்கும்போது வேகம் தணியும்படி தண்டவாளத்தை அமையுங்கள்.

படி 7: செப்டம்பர்

250 பேர் சேரவில்லை என்றால் உடனே விளம்பரத்துக்கு ஓடாதீர்கள். எத்தனை பேர் வருவார்கள் என்பது முதலில் சவாரிகளைப் பொறுத்தது. மலிவான சவாரி ஒன்றை இன்னும் சேர்த்துவிட்டு, பிறகு சில வாரங்களுக்கு விளம்பரம் கொடுங்கள். அதற்குப் பிறகும் எண் ஏறவில்லை என்றால், வாசல் பக்கம் வெளியேறிக்கொண்டிருக்கும் யாரையாவது சொடுக்கி, ஏன் போகிறார் என்று படியுங்கள்.