குளிசை முடிய ஒரு கிழமை இருக்கும்போதே

பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதாமாதம் மருந்து எடுப்பவர்கள் கடைசிக் குளிசை வரை காத்திருக்க வேண்டாம். ஏழு நாளுக்கு இருக்கும்போதே டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டைக் கையில் எடுங்கள்.

கொழும்பில் பல பாமசிகள் வாட்ஸ்அப்பில் துண்டின் படத்தை வாங்கிக்கொண்டு மருந்தை எடுத்து வைக்கின்றன. சில வீட்டுக்கே அனுப்புகின்றன. படம் எடுக்கும்போது திகதியும் டொக்டரின் கையொப்பமும் முத்திரையும் தெளிவாக விழ வேண்டும். மூலத் துண்டையும் பத்திரமாக வையுங்கள், கேட்பார்கள்.

போன மாதம் அம்மாவுக்கு வந்த பையைப் பிரித்தால், லோசார்டன் என்ற பிரஷர் குளிசை 50 மில்லிகிராமுக்குப் பதில் 25 இருந்தது. பெட்டியின் நிறம் ஒன்றுதான், எண்தான் வேறு. அன்றிலிருந்து பெயர், அளவு, காலாவதித் திகதி மூன்றையும் துண்டோடு ஒப்பிடாமல் டப்பாவில் போடுவதில்லை. குளிசை அட்டையை வெட்டித் தந்தால் திகதி உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்ட பிராண்ட் இல்லையென்றால் பயப்படத் தேவையில்லை. அதே மருந்து வேறு பெயரில் இருக்கலாம், மருந்தாளரிடமே கேளுங்கள். விலை பார்ப்பவர்கள் அரசின் ஒசுசல பாமசியிலும் ஒருக்கா விசாரிக்கலாம். இன்சுலினை மட்டும் நேரில் போய் வாங்குவதே நல்லது. 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டிய மருந்து, கொழும்பு வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடக்கக் கூடாது.

அப்புறம், நீண்ட விடுமுறைக்கு முன்னர் கலண்டரையும் பார்த்துவிடுங்கள்.